தலைமையாசிரியராகப் பொறுப்பேற்ற மகளுக்கு

பென்னாகரம்

அன்புள்ள கண்ணு,

நீ பொறுப்பேற்ற செய்தியை உன் அப்பா தெரு முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். எனக்கோ அன்று இரவு, நான் சத்துணவு அமைப்பாளராக இருந்த பள்ளியில் படித்த ஒரு சிறுமியின் நினைவு வந்து தூக்கம் பிடிக்கவில்லை.

2009ஆம் ஆண்டு அவள் எட்டாம் வகுப்பு. சில வாரங்களாக மதிய வேளையில் தோழிகளிடம் போகாமல், தட்டோடு சமையலறை வாசற்படியில் புகைக்குள்ளேயே உட்கார்ந்து சோற்றைப் பிசைந்துகொண்டிருப்பாள். நோட்டுத் திருத்த வேண்டும் என்று ஆசிரியர் ஒருவர் தன்னை மட்டும் தனியாகக் கூப்பிடுவதாக, முட்டையை உரித்தபடியே ஒருநாள் சொன்னாள். நான் தலைமையாசிரியரிடம் தெரிவித்தேன். அவர் அந்த ஆசிரியரையும் சிறுமியின் தகப்பனாரையும் ஒரே அறையில் உட்காரவைத்து, பள்ளியின் பெயர் கெட்டுவிடும் என்று பேசி முடித்துவிட்டார். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவில்லை. தை பிறந்ததும் கல்யாணம் செய்து அனுப்பிவிட்டார்கள். நானும் அதற்கு மேல் வாய் திறக்கவில்லை. இதை உன்னிடம் இதுவரை சொன்னதும் இல்லை.

இன்று அப்படிப் பேசி முடிப்பதே குற்றம். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளைக்கு இத்தகைய கொடுமை நடந்ததாகத் தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்று அஞ்ச இடமிருந்தாலும், காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும் என்கிறது, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். தன்கீழ் வேலை செய்பவரின் குற்றத்தைத் தெரிவிக்காமல் விட்ட நிறுவனத் தலைவருக்கு ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர்மீது வழக்கு வராது. ஆகவே மெய்யா பொய்யா என்று நீயே விசாரணை நடத்தாதே. நாலு பேர் முன்னால் பிள்ளையைத் திரும்பத் திரும்பச் சொல்லவைக்காதே. அவள் சொன்னதை அவள் சொற்களிலேயே தேதி போட்டு எழுதிக்கொள். குழந்தைகள் உதவி எண்ணான 1098க்கும் பள்ளிக்கல்வித் துறையின் உதவி எண்ணான 14417க்கும் பேசலாம். அதைக் காரணம் காட்டிக் காவல்துறைக்குச் சொல்வதைத் தள்ளிப்போடாதே. வாக்குமூலத்தைப் பிள்ளையின் வீட்டிலோ அவள் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத காவலர்தான் பதிவு செய்யவேண்டும் என்பதையும் பெற்றோரிடம் எடுத்துச் சொல். நம் பக்கத்தில் பலர் ஸ்டேஷன் படியேறப் பயந்தே பின்வாங்குகிறார்கள். பையன்களுக்கும் இதே சட்டம்தான். அவர்கள் சொன்னால் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்.

இன்னொன்று. பெண்பிள்ளைகள் வகுப்பைப் பெருக்க, பையன்கள் மைதானத்துக்கு ஓடும் வழக்கம் உன் பள்ளியில் இருந்தால் முதல் வாரத்திலேயே நிறுத்து. சின்ன விஷயம் என்பார்கள். பெருக்கச் சொன்னால் பேசாமல் குனிந்து பழகிய பிள்ளைக்கு, தனியாக வா என்று கூப்பிடும்போது மட்டும் மறுக்க வாய் எப்படி வரும்?

பிள்ளைகள் தங்கள் குறையை எழுதிப் போடும் ‘மாணவர் மனசு’ பெட்டியை ஆசிரியர் அறைக்கு எதிரே மாட்டியிருந்தால் அங்கே வைத்து எந்தப் பிள்ளையும் சீட்டுப் போடாது. யார் கண்ணிலும் படாத இடத்துக்கு மாற்று. அதன் சாவி இப்போது யாரிடம் இருக்கிறது என்று, ஞாயிற்றுக்கிழமை பேசும்போது எனக்குச் சொல்.

இப்படிக்கு,
உன் அம்மா