நமக்குப் பிடித்ததை யாராவது குறை சொன்னால் கோபப்படும் ரசிகர்களுக்கு

அன்புள்ள ரசிகர்களே,

போன மாதம் என் நெருங்கிய தோழியிடம் அவளுக்கு உயிரான ஒரு தொடரைப் பற்றிப் பேசும்போது, "அந்த அம்மாவுக்கு அழுவதைத் தவிர வேறு வேலையே எழுதவில்லையே" என்றேன். கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அப்போ அதைப் பார்த்து ராத்திரியெல்லாம் அழுத நான் முட்டாளா?" என்று கேட்டாள். அவள் அப்பா இறந்த பிறகு தூக்கம் வராத நாட்களில் துணைக்கு இருந்த தொடர் அது என்று பிறகுதான் தெரிந்தது. நான் எழுத்தில் இருந்த குறையைச் சொல்ல, அவளோ அந்த ராத்திரிகளையே பழித்துவிட்டதாக எடுத்துக்கொண்டாள்.

உங்களில் பலருக்கும் நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். "நம்ம படம்", "நம்ம ஆளு" என்று சொல்கிறோம் பாருங்கள், அந்த "நம்ம" வந்து ஒட்டிக்கொண்டதுமே கண் வேறு மாதிரி பார்க்கத் தொடங்கிவிடுகிறது. 1951-இல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக அணியும் டார்ட்மத் கல்லூரி அணியும் மோதிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்று ரொம்ப முரட்டுத்தனமாகப் போனது. அப்புறம் ஹாஸ்டார்ஃப், கான்ட்ரில் என்ற இரு உளவியலாளர்கள் அந்த ஆட்டத்தின் படச்சுருளை இரண்டு பக்கத்து மாணவர்களுக்கும் போட்டுக்காட்டி, விதிமீறல்களைக் குறிக்கச் சொன்னார்கள். டார்ட்மத் அணியின் மீறல்கள் என்று டார்ட்மத் மாணவர்கள் கண்டதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் பிரின்ஸ்டன் மாணவர்கள் கண்டார்கள். ஓடியது ஒரே படம்! யாரும் பொய் சொல்லவில்லை, அவரவர் கண்ணுக்கு அப்படித்தான் தெரிந்தது.

சரி, தப்பு முழுக்க உங்கள் மேல் இல்லை. "இதையெல்லாம் எப்படித்தான் உட்கார்ந்து பார்க்கிறார்களோ" என்று எழுதுகிறவர்கள் படத்தை விட்டுவிட்டுப் பார்ப்பவர்களைத்தான் திட்டுகிறார்கள், அதை வருடக்கணக்காகக் கேட்டுக் கேட்டு, யார் என்ன குறை சொன்னாலும் நம்மைத்தான் சொல்கிறார்கள் என்று உங்களுக்குத் தோன்றிவிட்டது. அந்த வகை எழுத்தின் மேல் எனக்கும் கோபம் உண்டு. ஆனால் ஒரு காட்சியை எடுத்துவைத்து, இது ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்பவர், அதை உங்கள் அளவுக்கே கவனித்துப் பார்த்தவர். அவரிடம் "பிடிக்கலேன்னா பார்க்காதே" என்று கதவைச் சாத்தாதீர்கள். எந்த இடத்தில், ஏன் என்று கேளுங்கள்.

போன வாரம் தோழி அதே தொடரில் ஒரு பகுதியைப் போட்டு, அந்த அம்மா ஒரே ஒருமுறை பதில் பேசாமல் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போகும் இடத்தில் நிறுத்தி, "இதைப் பார்த்தியா நீ?" என்றாள். நான் கவனிக்கவே இல்லை. என்னோடு இப்படிச் சண்டை போடுங்கள், எத்தனை மணி நேரம் ஆனாலும் உட்காருகிறேன்.

அன்புடன்,
உங்களைப் போலவே ஒரு ரசிகை