பஸ் போயிருக்கும்: ஆங்கில இலக்கணம் நடத்துவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்வழி வகுப்புகளில் ஆங்கிலம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்த மாணவர்களுக்காகப் பயிற்சிகளும் வினாத்தாளும் தயாரிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

பன்னிரண்டு டென்ஸையும் ஒரே கட்டத்தில் அடைத்துக் கரும்பலகையில் எழுதிப்போடும் வழக்கம் நம் வகுப்பறைகளில் வெகுகாலமாக இருக்கிறது. ஃபியூச்சர் பெர்ஃபெக்டுக்கு அந்தக் கட்டத்தில் கிடைப்பது ஒரு சூத்திரமும் ஒரு தமிழ்ப் பொருளும்தான். சூத்திரம்: வில், ஹேவ், அதன்பின் வினையின் மூன்றாம் வடிவம். பொருள்: "ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்" என்றால் "நான் முடித்திருப்பேன்". சூத்திரம் சரி. மாணவர்களைத் திசைதிருப்புவது அந்தத் தமிழ்ப் பொருள். அதை மாற்றுங்கள் என்று கேட்கவே இந்த மடல்.

தமிழில் "இருப்பேன், இருப்பான், இருக்கும்" என்று முடியும் வடிவம் பல வேலை செய்கிறது. "இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பான்" என்பது இப்போதைய நிலை பற்றிய ஊகம். "நேற்றே பணம் கட்டியிருப்பார்" என்பது நடந்ததைப் பற்றிய ஊகம். "நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்" என்பது நடக்காமல் போனது. ஆங்கிலத்தில் முதலாவதற்கு "வில் ஹேவ்" பொருந்தும். இரண்டாவதற்கு "மஸ்ட் ஹேவ்" இயல்பு, மூன்றாவதற்கு "வுட் ஹேவ்" வேண்டும். "முடித்திருப்பேன் என்றால் வில் ஹேவ்" என்று மனப்பாடம் செய்த மாணவர், "இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வில் ஹேவ் கம்" என்று எழுதுவதில் வியப்பில்லை. நாம் கொடுத்த சமன்பாட்டைத்தான் அவர் நேர்மையாகப் பயன்படுத்தியிருக்கிறார்.

இன்னொரு சிக்கலும் உண்டு. ஐந்து மணிக்குள் வேலையை முடிப்பதாக வாக்குக் கொடுக்கும் தமிழர் "முடித்திருப்பேன்" என்று சொல்வது அரிது. "அஞ்சு மணிக்குள்ள முடிச்சிடுவேன்" என்பார். அதற்கு நேரான ஆங்கிலம் "ஐ வில் ஃபினிஷ் இட் பை ஃபைவ்" என்ற எளிய எதிர்காலம்தான். ஆங்கிலேயரும் அப்படித்தான் வாக்குக் கொடுப்பார்.

அப்படியானால் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் தமிழில் இயல்பாக எங்கே வாழ்கிறது? "நீ போறதுக்குள்ள பஸ் போயிருக்கும்." இதுதான் இடம். இதில் யாரும் வாக்குக் கொடுக்கவில்லை. வரப்போகும் ஒரு நேரத்தில் போய் நின்றுகொண்டு, அங்கே காணக்கிடைக்கும் நிலையைச் சொல்கிறோம்: நிறுத்தம் காலி. "பை தி டைம் யூ கெட் தேர், தி பஸ் வில் ஹேவ் லெஃப்ட்." இந்த ஒரு வாக்கியத்தை முதல் எடுத்துக்காட்டாக வையுங்கள். "முடிச்சிடுவேன்" என்று தமிழ் கேட்கும் இடத்தில் எளிய எதிர்காலம், "போயிருக்கும்" என்று கேட்கும் இடத்தில் ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் என்ற உணர்வை மாணவர் தன் காதிலிருந்தே எடுத்துக்கொள்வார்.

கரும்பலகையில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஒரு நீண்ட கோடு. இடப்பக்கம் "இப்போது" என்று ஒரு புள்ளி, வலப்பக்கம் "எல்லை" என்று இன்னொன்று. எல்லைக்கு இடப்புறம் எங்காவது ஒரு பெருக்கல் குறி போடுங்கள். அது பஸ் கிளம்பிய நேரம். பிறகு அந்தக் குறியை அழித்து, கொஞ்சம் தள்ளிப் போடுங்கள். வாக்கியம் மாறுகிறதா என்று கேளுங்கள். மாறாது. செயல் சரியாக எப்போது நடந்தது என்பதை இந்த டென்ஸ் சொல்வதே இல்லை. எல்லையைத் தொடும்போது அது முடிந்துவிட்டது என்பதே அதன் செய்தி. "பெர்ஃபெக்ட்" என்ற சொல்லுக்கும் இங்கே குறையற்றது என்று பொருளில்லை. "முற்றாகச் செய்துமுடித்தது" என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. இதை ஒரு வரியில் சொன்னாலே பாதிக் குழப்பம் தீரும்.

பெருக்கல் குறி "இப்போது" என்ற புள்ளிக்கு இடப்பக்கமும் போகலாம். இதைப் பெரும்பாலான வகுப்புகள் தொடுவதில்லை. வெள்ளிக்கிழமைக்குள் பத்துக் கதை படித்திருப்பேன் என்பவர் அதில் ஏழு கதைகளை ஏற்கெனவே படித்திருக்கக்கூடும். மேட்டூர் அணை 1934-இல் கட்டி முடிக்கப்பட்டது. "பை 2034, தி மேட்டூர் டேம் வில் ஹேவ் ஸ்டுட் ஃபார் எ ஹண்ட்ரட் இயர்ஸ்." அந்த நூறில் தொண்ணூறுக்கு மேல் கடந்தாகிவிட்டது. ஆனாலும் கணக்கு நிறைவது எதிர்காலத்தில் என்பதால் இந்த டென்ஸ்.

இப்படிக் கால அளவைச் சொல்லும் இடத்தில் தமிழ் "இருக்கும்" என்றே போகாது. "வர்ற மார்ச்சோட அவங்க இங்க சேர்ந்து பத்து வருஷம் ஆகுது" என்போம். ஆங்கிலத்தில் "பை மார்ச், ஷி வில் ஹேவ் வொர்க்ட் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்." அந்த "மார்ச்சோட" என்பதில் உள்ள "ஓடு"தான் இங்கே "பை". செயல் இடைவிடாமல் தொடர்வதை அழுத்திச் சொல்ல "வில் ஹேவ் பீன் வொர்க்கிங்" என்றும் வரலாம். நோ (அறி), ஓன் (சொந்தமாக வைத்திரு), பிலீவ் (நம்பு) போன்று நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு மட்டும் அந்த "இங்" ஆகாது.

பிழைகள் வரும் இடங்களைப் பார்ப்போம். மிகப் பெரியது நம் "க்குள்". "ஐந்து மணிக்குள்", "இரண்டு மணி நேரத்துக்குள்" இரண்டுக்கும் தமிழில் ஒரே உருபு. அதனால்தான் "வித்தின் ஃபைவ் ஓ கிளாக்" என்று எழுதுகிறார்கள். "க்குள்" என்பதற்கு முன்னால் நிற்பது கடிகாரத்திலோ நாட்காட்டியிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளியா, அளவா என்று பார்க்கச் சொல்லுங்கள். புள்ளி என்றால் "பை", அளவு என்றால் "வித்தின்". "ஐந்து மணி வரைக்கும்" என்பது வேறு. அது "டில்" அல்லது "அன்டில்".

அடுத்தது "பை தி டைம் யூ வில் கெட் தேர்". காலத்தைக் குறிக்கும் துணை வாக்கியத்துக்குள் ஆங்கிலம் "வில்" வைப்பதில்லை. வென், பிஃபோர், ஆஃப்டர் எல்லாவற்றுக்கும் இதுவே விதி. இங்கே தமிழ் நமக்குத் துணை நிற்கிறது. "நீ போறதுக்குள்ள" என்போமே தவிர "நீ போவாய்" என்ற வினைமுற்றை அங்கே வைக்க மாட்டோம். "அந்த இடத்தில் தமிழிலும் எதிர்கால முற்று இல்லை பார்" என்று காட்டினால் போதும்.

"ஷி வில் ஹேஸ்" என்பது "ஷி" வந்தால் "ஹேஸ்" என்ற பழைய பாடத்தின் மிச்சம். "வில்" வந்தபின் எழுவாய் யாராக இருந்தாலும் "ஹேவ்" மாறாது. "வில் ஹேவ் வென்ட்", "வில் ஹேவ் ரோட்" ஆகியவை மூன்றாம் வடிவம் (கான், ரிட்டன்) கைவராததால் வருபவை. அது பழகாத வகுப்பில் இந்த டென்ஸைத் தொடவே வேண்டாம். பிரசன்ட் பெர்ஃபெக்ட் நன்றாகப் பழகியபின் எடுத்தால் சுலபமாக ஏறும். எதிர்மறையில் "நாட்" வருவது "வில்"லுக்கு அடுத்து: "வில் நாட் ஹேவ் லெஃப்ட்". கேள்வியில் "வில்" மட்டும் முன்னால் போகும்: "வில் யூ ஹேவ் ஈட்டன் பை எய்ட்?"

வினாத்தாள் தயாரிப்போரிடம் ஒரு வேண்டுகோள். "ஷி டேஷ் தி கோர்ஸ் பை நெக்ஸ்ட் ஏப்ரல்" என்று போட்டு, "கம்ப்ளீட்" என்ற வினையைக் கொடுத்து, "வில் ஹேவ் கம்ப்ளீட்டட்" என்ற விடைக்கு மட்டும் மதிப்பெண் தருவது நியாயமில்லை. "வில் கம்ப்ளீட்" என்பதும் அங்கே நல்ல ஆங்கிலம். "பை" கண்டால் உடனே "வில் ஹேவ்" என்ற தவறான அனிச்சையும் இத்தகைய கேள்விகளால்தான் வளர்கிறது. சூழல் ஒரே விடையைக் கோருமாறு இரண்டு வாக்கியமாகக் கேளுங்கள். "டோன்ட் ரிங் ஹிம் அட் டென். ஹி டேஷ் டு பெட் பை தென்." கொடுக்கும் சொற்கள் "ஆல்ரெடி", "கோ". இங்கே ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் தவிர வேறு டென்ஸ் உட்காராது: "வில் ஹேவ் ஆல்ரெடி கான்". ஒற்றை வாக்கியமாகத்தான் கேட்க முடியும் என்றால், விடைக்குறிப்பில் இரண்டு விடைகளையும் ஏற்கும்படி எழுதிவையுங்கள்.

இப்படிக்கு,
தமிழ்வழி மாணவர்களுக்கு ஆங்கில இலக்கணம் பயிற்றுவிப்போர் சிலர்