ஆயிரம் வாட் சைக்கிளைச் சோதிக்க ஒரு வழி சொல்லுங்கள்

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கும் தமிழ்நாடு போக்குவரத்து ஆணையரகத்துக்கும்,

வணக்கம்.

கோத்தகிரிப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் தேயிலையும், ஓரமாகக் கொஞ்சம் கேரட்டும் போட்டிருக்கிறேன். அதற்கு முன் கோவையில் பதினோரு வருடம் லேத் பட்டறையில் வேலை பார்த்தேன். போன வருடம் ஒரு மலை சைக்கிள் வாங்கி, அதில் பெடல் அச்சில் உட்காரும் ஆயிரம் வாட் மிட் டிரைவ் மோட்டார் கிட்டை என் கையாலேயே பொருத்தினேன். வண்டி நன்றாக ஓடுகிறது. ஆனால் தோட்டத்து வேலியைத் தாண்டி அதை ஓட்டச் சட்டத்தில் இடமில்லை. அந்த இடத்தைக் கேட்டுத்தான் இந்த மடல்.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளைப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மின் மோட்டார் வைத்த சைக்கிளின் முப்பது நிமிடத் திறன் 250 வாட்டுக்குள் இருக்க வேண்டும். 25 கிலோமீட்டர் வேகத்தில் மோட்டார் நின்றுவிட வேண்டும். பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவைத் தாண்டக் கூடாது. இவ்வளவும் இருந்து, சோதனை நிறுவனத்தின் ஒப்புதலும் இருந்தால் அது மோட்டார் வாகனம் ஆகாது. பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. நல்ல விதிதான், குறை சொல்ல வரவில்லை. சமவெளியில் தினமும் வேலைக்குப் போகிறவருக்கு 250 வாட் தாராளம்.

‘முப்பது நிமிடத் திறன்’ என்ற சொல்லைத்தான் கொஞ்சம் கவனிக்கச் சொல்கிறேன். மோட்டார் அரை மணி நேரம் சூடேறிக் கெடாமல் தொடர்ந்து தரக்கூடிய திறன் அது. ஊருக்குள் ஒரு மேம்பாலம் ஏற ஒரு நிமிடம் போதும். அந்த ஒரு நிமிடம் மோட்டார் அதைவிடக் கூடுதலாகவே தரும், விதியும் தடுக்காது. மலையில் அப்படியில்லை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி 33 கிலோமீட்டர், ஏறக்குறைய 1,450 மீட்டர் ஏற்றம். 15 கிலோமீட்டர் வேகத்தில் மிதித்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் மோட்டாருக்கு ஓய்வே கிடையாது. சமவெளிக்காரருக்குக் கிடைக்கும் அந்தச் சலுகை எங்களுக்குக் கிடைப்பதில்லை.

கணக்கையும் சொல்லிவிடுகிறேன். நான், சைக்கிள், 30 கிலோ கேரட் மூட்டை, எல்லாம் சேர்த்து 130 கிலோ. நூறு மீட்டருக்குப் பத்து மீட்டர் ஏறும் பாதையில் 15 கிலோமீட்டர் வேகம் வேண்டுமென்றால் சக்கரத்தில் 570 வாட் வேண்டும். 250 வாட் மோட்டாரோடு என் காலின் பலத்தையும் சேர்த்தால் 8 கிலோமீட்டர் வேகம் தேறும். அந்த வேகத்தில் பாரம் ஏற்றிய சைக்கிள் நேராக நிற்காது, ஆடும். பின்னால் பஸ் வந்துகொண்டிருக்கும், வளைவில் ஒதுங்க இடமிருக்காது. மலையில் கூடுதல் திறனைக் கேட்பது வேகத்துக்காக இல்லை, தடுமாறாமல் ஏறுவதற்காக.

முதலில் சக்கரத்தின் நடுவே வைக்கும் ஹப் மோட்டாரைத்தான் போட்டுப் பார்த்தேன். செங்குத்தான ஏற்றத்தில் சக்கரம் மெதுவாகச் சுற்றும்போது இழுக்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போனது, கை வைக்க முடியவில்லை. பெடல் அச்சு இருக்கும் இடத்திலேயே உட்காரும் மிட் டிரைவ் சைக்கிளின் கியர் வழியாக இழுக்கிறது. பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றிவிட்டால் மோட்டார் தனக்கு வசதியான சுற்றிலேயே சுற்றும், சைக்கிள் நிதானமாக ஏறும். நான் போட்டது பாஃபாங் கம்பெனியின் பி.பி.எஸ்.எச்.டி. என்ற மோட்டார். மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் அதன் கன்ட்ரோலர் 30 ஆம்பியர் வரை இழுக்கும். அந்த இழுவையைச் செயின்தான் தாங்க வேண்டும் என்பதால், பின்னால் அலுமினியப் பல்சக்கரங்களைக் கழற்றிவிட்டு எஃகில் போட்டேன். கியர் மாற்றும் நொடியில் மோட்டாரை நிறுத்தும் சென்சார், பிரேக்கைத் தொட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் லீவர், முன்னால் 180 மில்லிமீட்டர் தட்டுடன் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். இறக்கத்தில் மோட்டாருக்கு வேலையே இல்லை. மோட்டார் இல்லாத சைக்கிளே இந்த மலையில் 50 கிலோமீட்டர் வேகத்தில் இறங்கும். பிரேக்தான் முக்கியம்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது பேட்டரி. முதலில் ரெடிமேடாக ஒரு பேட்டரி பேக் வாங்கினேன். இரண்டே மாதத்தில் ஓடும் தூரம் பாதியாகக் குறைந்தது. பிரித்துப் பார்த்தேன். செல்களை அடுக்கியிருந்த 14 வரிசையில் ஒரு வரிசை மட்டும் 3.6 வோல்ட், மற்றவை 4 வோல்ட். நீல உறைக்குள்ளே வெவ்வேறு கம்பெனிகளின் செல்கள். நிக்கல் பட்டை காகிதம்போல மெலிசு. செல்லின் பாசிட்டிவ் முனையில் காப்புத்தாள் இல்லை, பியூஸும் இல்லை. என் பிள்ளைகள் தூங்கும் அறைக்குப் பக்கத்து அறையில்தான் அதைச் சார்ஜ் போட்டிருந்தேன். அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு, பேட்டரி வேலை தெரிந்த ஒருவரோடு உட்கார்ந்து, ஒரே தொகுதியில் வந்த 56 புது செல்களை அளந்து பார்த்து, 40 ஆம்பியர் பியூஸ் வைத்து வேறொரு பேக் செய்தோம். இப்போது வீட்டுக்கு வெளியே, தகரக் கொட்டகையில்தான் சார்ஜ். மின் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்த பிறகு 2022இல் நீங்கள் பேட்டரிப் பாதுகாப்புத் தரத்தை இறுக்கினீர்கள். அதே அக்கறையோடு, உதிரியாக விற்கும் சைக்கிள் பேக்குகளையும் பாருங்கள். இந்த மடலில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால், இதைச் செய்யுங்கள்.

வண்டி தயாரானதும் ஒரு போக்குவரத்து அலுவலகத்துக்குப் போய், இதைப் பதிவு செய்ய என்ன வழி என்று கேட்டேன். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார். ஆனால் கொடுப்பதற்கு அவரிடம் படிவமே இல்லை. ஒரு மாடலுக்கு ஒப்புதல் வாங்குவது கம்பெனிக்கான ஏற்பாடு. ஒற்றை வண்டி செய்தவன் எங்கே போவான்? 250 வாட்டைத் தாண்டியதால் அது சைக்கிள் இல்லை, மாடல் ஒப்புதல் இல்லாததால் மோட்டார் வாகனமாகவும் பதிய முடியாது. வழியே இல்லாததால் பலர் கேட்காமலேயே ஓட்டுகிறார்கள். பிரேக்கையும் பேட்டரியையும் யாரும் பார்ப்பதில்லை. மோதினால் அடிபட்டவருக்குக் காப்பீடும் இல்லை.

பிரிட்டனில் ஒற்றை மோட்டார் சைக்கிளைக்கூடச் சோதித்து ஒப்புதல் தரும் முறை இருக்கிறது. ஜெர்மனியிலும் தனி வண்டிக்கு அனுமதி வாங்கலாம். அமெரிக்காவில் 2002இல் வந்த மத்தியச் சட்டம், பெடல் உள்ள மின் சைக்கிளுக்கு 750 வாட்டுக்குள் என்று வைத்துக்கொண்டு, மோட்டாரால் மட்டும் ஓடும்போது வேகம் மணிக்கு 32 கிலோமீட்டருக்குக் கீழே இருக்க வேண்டும் என்று கட்டியிருக்கிறது. நமக்கு 32 வேண்டாம், 25 போதும். அந்த 25ஐ அப்படியே வைத்துக்கொண்டு, நீலகிரி, கொடைக்கானல், ஏற்காடு போன்ற மலைப்பகுதிகளில் மட்டும் முப்பது நிமிடத் திறனை 750 வாட் வரை அனுமதியுங்கள். மிதித்தால் மட்டுமே மோட்டார் ஓட வேண்டும் என்றும் சொல்லுங்கள். அதற்குமேல் போகிறவருக்குத் தனி வண்டிச் சோதனை, நம்பர், லைசென்ஸ், காப்பீடு எல்லாம் இருக்கட்டும். கட்டணம் கட்டத் தயார்.

உங்களுக்கு வரக்கூடிய சந்தேகம் எனக்கும் உண்டு. கன்ட்ரோலரின் வேக வரம்பை ஒரு கேபிளும் லேப்டாப்பும் இருந்தால் மாற்றிவிடலாம். சோதனைக்கு ஒன்றைக் காட்டிவிட்டு வெளியே வேறு மாதிரி ஓட்டுவார்கள். உண்மைதான். அதற்குக் கன்ட்ரோலரின் இணைப்பில் முத்திரை வைத்து, வருடத்துக்கு ஒருமுறை உருளையில் ஓடவிட்டு அளக்கலாம். முத்திரை உடைந்திருந்தால் வண்டியைப் பிடித்து வையுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டோம்.

என் சைக்கிளைச் சோதனைக்குத் தருகிறேன். மோட்டார், பேட்டரி, வயரிங் எல்லாவற்றையும் பிரித்துப் பார்க்கலாம். 56 செல்களின் அளவுகளையும் எழுதி வைத்திருக்கிறேன். எந்த ஊர், எந்தத் தேதி என்று மட்டும் சொல்லுங்கள், டெம்போவில் ஏற்றிக் கொண்டுவருகிறேன்.

இப்படிக்கு,
கோத்தகிரி மலையிலிருந்து ஒரு சிறு தேயிலை விவசாயி