ஒரே அடித்தளம்: பாக எண் பட்டியல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2020-ல் வந்த நிசான் மேக்னைட், 2021-ல் வந்த ரெனால்ட் கைகர் ஆகிய இரு கார்களும் சிஎம்எஃப்-ஏ பிளஸ் என்ற ஒரே அடித்தளத்தில் (பிளாட்ஃபார்ம்), ஒரகடம் ஆலையில் உருவானவை. 999 சிசி டர்போ இன்ஜினும் பொதுதான். பம்பர், கிரில், விளக்கு மாறும். உள்ளே இருக்கும் பாகங்கள் பலவும் ஒன்றே. மாருதி பலேனோ, டொயோட்டா கிளான்சா ஜோடியும் அப்படித்தான்.

மலையில் வண்டி வைத்திருப்போருக்கு இது பெரிய விஷயம். மேட்டுப்பாளையம் - குன்னூர் சாலையின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் தினமும் ஏறி இறங்கினால் பிரேக் பேடு சீக்கிரம் தேயும். ஒரு கடையில் இருப்பு இல்லையென்றால் கோவையிலிருந்து வரும்வரை வண்டி நிற்கிறது. அதே பேடு மற்ற பிராண்டு கடையில் இருக்கலாம்.

ஆனால் அடித்தளம் ஒன்றுதானே என்று கண்ணை மூடிக்கொண்டு வாங்கக் கூடாது. தயாரித்த ஆண்டு, இன்ஜின் வகையைப் பொறுத்துப் பாகம் மாறும். பழைய பேடைக் கழற்றிப் புதியதன் மேல் வைத்துப் பாருங்கள்: பின்தகட்டின் வடிவமும் அதன் இரு பக்கமும் நீண்டிருக்கும் காதுகளும் அச்சாகப் பொருந்த வேண்டும். காது சற்றே தடித்தாலும், பேடைத் தாங்கும் பிராக்கெட்டில் இறுகிவிடும்; மிதியை விட்ட பிறகும் பேடு டிஸ்கை உரசிச் சூடேறும். அந்தச் சூடு பிரேக் ஆயிலுக்கும் ஏறும். டாட் 4 என்ற தரத்து ஆயிலின் குறைந்தபட்சக் கொதிநிலை புதிதில் 230 டிகிரி செல்சியஸ், ஈரம் ஏறினால் 155. சூடு அதைத் தாண்டி ஆயில் கொதித்தால், அதே சாலையின் பர்லியார் இறக்கத்தில் மிதி பஞ்சுபோல் அமுங்கும்.

எனவே, கூட்டாகக் கார் தயாரிக்கும் நிறுவனங்கள் இரு பிராண்டுகளின் பாக எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்ட பட்டியலைத் தமிழில் வெளியிட வேண்டும்.

- வாகனப் பழுதுபார்ப்போர், குன்னூர்