அடிக்குறிப்பில் கிடக்கும் ஓர் அரசமைப்புத் திருத்தம்

பெறுநர்: ஒன்றிய சட்ட அமைச்சர், நாடாளுமன்ற இரு அவைகளின் உறுப்பினர்கள்

மதிப்புக்குரியீர், வணக்கம்.

அரசமைப்புச் சட்டத்தின் அரசு பதிப்பில், விசாரணை இல்லாமல் ஒருவரை முன்கூட்டியே அடைத்துவைக்கும் தடுப்புக் காவலுக்கு வரம்பு வைக்கும் 22ஆவது உறுப்பைப் புரட்டிப் பாருங்கள். மேலே இருப்பது பழைய வாசகம். அடியில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருக்கும். 44ஆவது திருத்தச் சட்டத்தின் 3ஆவது பிரிவு நடைமுறைக்கு வரும்போது இந்த உறுப்பு எப்படி மாறும் என்று அது சொல்கிறது. அந்தத் திருத்தத்தை இரு அவைகளும் 1978இல் மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையுடன் நிறைவேற்றின. பாதிக்கும் மேற்பட்ட மாநிலச் சட்டமன்றங்கள் ஏற்புறுதி தந்தன. 1979 ஏப்ரல் 30 அன்று குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்தார். 45 ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் 3ஆவது பிரிவு அடிக்குறிப்பிலேயே கிடக்கிறது.

பின்னணி உங்களுக்குத் தெரியும். நெருக்கடி நிலையில் விசாரணையே இல்லாமல் ஆயிரக்கணக்கானோர் சிறையில் கிடந்ததைக் கண்டபின், அது இனி நடக்கக்கூடாது என்று எழுதப்பட்ட திருத்தம் இது. அதே சட்டத்தின் மற்ற பிரிவுகளுக்கெல்லாம் நாள் குறித்தாகிவிட்டது. சொத்துரிமையை அடிப்படை உரிமைப் பட்டியலிலிருந்து நீக்கும் பகுதி 1979 ஜூன் 20 அன்றே நடைமுறைக்கு வந்தது. சிறையில் இருப்பவனைப் பற்றிய பிரிவுக்கு மட்டும் இன்றுவரை நாள் கிடைக்கவில்லை.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: அந்தப் பிரிவுக்கு ஒரு தேதி கொடுங்கள்.

3ஆவது பிரிவு செய்வது மூன்று மாற்றங்கள். காவல் ஆணைக்குப் போதிய காரணம் உண்டா என்று ஆராயும் குழுவான அறிவுரைக் கழகத்தின் கருத்து இல்லாமல் ஒருவரைத் தடுப்புக் காவலில் வைக்கும் உச்ச வரம்பை மூன்று மாதத்திலிருந்து இரண்டு மாதமாகக் குறைக்கிறது. கழகத்தை உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படியே அமைக்கவேண்டும் என்கிறது. தலைவர் பணியில் இருக்கும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும், மற்ற உறுப்பினர்கள் பணியில் உள்ள அல்லது ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதிகளாகவும் இருக்கவேண்டும். மூன்றாவதாக, கழகத்திடம் போகாமலேயே மூன்று மாதத்துக்கு மேல் அடைத்துவைக்கச் சட்டம் இயற்றலாம் என்று 22(7)(அ) நாடாளுமன்றத்துக்குத் தந்துள்ள அதிகாரத்தை நீக்குகிறது.

கால வரம்பைப் பற்றி அரசுகள் கவலைப்படத் தேவையே இல்லை. 1980ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புச் சட்டமும், குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14ஆவது சட்டமும் ஒரே கணக்கைத்தான் வைத்திருக்கின்றன: மூன்று வாரத்துக்குள் கழகத்துக்கு அனுப்பவேண்டும், ஏழு வாரத்துக்குள் கழகம் அறிக்கை தரவேண்டும். ஏழு வாரம் என்றால் 49 நாள். இரண்டு மாதத்துக்குள் அடங்கிவிடுகிறது. அந்நியச் செலாவணி, கடத்தல் தடுப்புக்கான 1974ஆம் ஆண்டின் காஃபிபோசா சட்டத்தில் மட்டும் ஐந்து வாரம், பதினொரு வாரம் என்று இருக்கிறது. 77 நாள். அதைத் திருத்த ஒரு வரி போதும்.

ஆகவே இடிப்பது நாள் கணக்கு அல்ல, கழகத்தில் யார் உட்காருகிறார்கள் என்பதுதான். இன்றைய 22(4)இன்படி உயர் நீதிமன்ற நீதிபதியாக இருப்பவரோ இருந்தவரோ மட்டுமல்ல, அப்படி நியமிக்கப்படத் தகுதி உள்ளவரும் உறுப்பினர் ஆகலாம். பத்தாண்டு உயர் நீதிமன்றத்தில் தொழில் செய்த வழக்குரைஞருக்கு அந்தத் தகுதி உண்டு. நியமிப்பது அரசு. தடுப்புக் காவல் ஆணை போடும் அரசே, அந்த ஆணை சரிதானா என்று சொல்லவேண்டியவர்களையும் தேர்ந்தெடுக்கிறது.

அந்தக் கழகத்தின் முன்னால் நிற்பவரை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். மாவட்ட ஆட்சியரோ காவல் ஆணையரோ கையெழுத்திட்ட ஆணை. அதை மாநில அரசு 12 நாளுக்குள் ஏற்றிருக்கும். கையில் புக்லெட் என்று நாங்கள் சொல்லும் ஆவணக் கட்டு; அதில் பாதிப் பக்கங்கள் நகலின் நகலாக மங்கியிருக்கும், சிலவற்றுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பே இருக்காது. பக்கத்தில் வழக்குரைஞர் இல்லை. இந்தச் சட்டங்களின்படி கழகத்தின் முன் வழக்குரைஞர் வழியாக வாதிடும் உரிமை அவருக்குக் கிடையாது. வழக்குரைஞர் அல்லாத நண்பர் ஒருவரின் உதவியைப் பெறலாம் என்று, தேசியப் பாதுகாப்புச் சட்டத்தை எதிர்த்துத் தொடுத்த ஏ.கே. ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சிறையில் இருப்பவருக்குச் சட்டம் தெரிந்த நண்பர் எங்கிருந்து வருவார்? சில நிமிடங்கள் பேசவேண்டும். அந்தச் சில நிமிடங்களில் அவருக்குள்ள ஒரே பாதுகாப்பு எதிரே இருப்பவர்களின் சுதந்திரம்தான். அதைத்தான் 3ஆவது பிரிவு உறுதி செய்கிறது. அந்தப் பாதுகாப்பைத்தான் நீங்கள் அடிக்குறிப்பில் வைத்திருக்கிறீர்கள்.

ஆட்கொணர்வு மனு இருக்கிறதே என்று சொல்லாதீர்கள். தெளிவில்லாத நகலுக்காகவும், காவலில் இருப்பவர் அரசுக்கு அனுப்பிய முறையீட்டைப் பரிசீலிப்பதில் நேர்ந்த தாமதத்துக்காகவும் உயர் நீதிமன்றம் ஆணைகளை ரத்து செய்துதான் வருகிறது. ஆனால் ஆட்கொணர்வு மனு விசாரணைக்கு வந்து தீர்ப்பாவதற்குள், ஓராண்டுக் காவலில் பல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. போன மாதங்களை எந்தத் தீர்ப்பும் திருப்பித் தருவதில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். ஒன்றிய அரசு அரசிதழில் அறிவிக்கும் நாளில் இச்சட்டம் நடைமுறைக்கு வரும், வெவ்வேறு பிரிவுகளுக்கு வெவ்வேறு நாள் குறிக்கலாம் என்று சட்டத்தின் 1(2)ஆம் பிரிவு சொல்கிறது. கெடு எதுவும் இல்லை. ஏ.கே. ராய் வழக்கில் 1981 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை, நாள் குறிக்கும்படி அரசுக்குக் கட்டளையிட மறுத்தது. அந்த விருப்புரிமையைக் கொடுத்தது நாடாளுமன்றம்தானே என்றது. சரிதான், கொடுத்தது நீங்கள். திரும்ப எடுத்துக்கொள்ளவேண்டியவர்களும் நீங்களே. அதன்பிறகு பல கட்சிகளும் பல கூட்டணிகளும் ஆட்சியில் அமர்ந்து இறங்கிவிட்டன. எதிர்க்கட்சி வரிசையில் இருக்கும்போது தடுப்புக் காவலைக் கண்டித்தவர்கள், ஆட்சிக்கு வந்ததும் இந்தக் கோப்பைத் தொடவில்லை.

நேரம் கிடைக்கவில்லை என்று மட்டும் சொல்லவேண்டாம். 1975இல், பிரதமரின் தேர்தலை நீதிமன்றங்கள் விசாரிக்க முடியாதபடி செய்த 39ஆவது திருத்தம் ஆகஸ்ட் 7 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. 8ஆம் தேதி மாநிலங்களவை, 9ஆம் தேதி சனிக்கிழமை மாநிலச் சட்டமன்றங்கள், 10ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை குடியரசுத் தலைவரின் ஒப்புதல். 11ஆம் தேதி பிரதமரின் தேர்தல் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் விசாரணைக்கு வரவிருந்தது. 2019இல், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினருக்கு இடஒதுக்கீடு தரும் 103ஆவது திருத்தம் ஜனவரி 8 அன்று மக்களவையில் அறிமுகமாகி அன்றே நிறைவேறியது. மறுநாள் மாநிலங்களவை, 12ஆம் தேதி ஒப்புதல், 14ஆம் தேதி நடைமுறை. அந்தத் திருத்தத்தின் சரி தவறு வேறு விவாதம். அரசு விரும்பினால் ஒரு வாரத்துக்குள் எல்லாம் முடிகிறது, விரும்பாவிட்டால் ஒரு தலைமுறை போனாலும் முடிவதில்லை என்பதுதான் எங்கள் வருத்தம். அவசரப்பட்ட இடத்தில் தெரிவுக்குழு இல்லை, மாநிலங்களோடு கலந்துபேச நாள் இல்லை. ஆற அமர விவாதித்து நிறைவேற்றிய இடத்தில் தேதி இல்லை. 368ஆவது உறுப்பு கேட்கும் சிறப்புப் பெரும்பான்மையையும் மாநிலங்களின் ஏற்புறுதியையும் தாண்டி வந்த ஒன்றை, ஓர் அமைச்சகம் சும்மா இருந்தே தடுத்துவிட முடியும் என்றால், அரசமைப்பைத் திருத்தும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? கோபத்தில் கேட்கவில்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். ஆனாலும் பணிவாகவே கேட்கிறோம்.

செய்யவேண்டியது அதிகமில்லை. தேசியப் பாதுகாப்புச் சட்டத்தின் 9ஆவது பிரிவையும் காஃபிபோசாவின் 8ஆவது பிரிவையும் புதிய கழக அமைப்புக்கு ஏற்ப முதலில் திருத்துங்கள். அறிவிக்கையை முதலில் வெளியிட்டுவிட்டுச் சட்டங்களைப் பின்னால் திருத்தினால், இடைப்பட்ட காலத்தில் போட்ட ஆணைகளெல்லாம் நீதிமன்றத்தில் விழும். அந்த வரிசை முக்கியம். மாநிலங்கள் தத்தம் சட்டங்களைச் சரிசெய்ய ஆறு மாதம் கொடுங்கள். உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதிகளிடம் பரிந்துரைகளைக் கேட்டு வாங்குங்கள். பிறகு அரசிதழில் ஒரு வரி அறிவிக்கை.

இனிவரும் அரசமைப்புத் திருத்தங்களுக்கும் இதே வேண்டுகோள்: அரசு அறிவிக்கும் நாள் என்று எழுதினால், கூடவே ஒரு கெடுவையும் எழுதுங்கள். ஒப்புதலிலிருந்து ஆறு மாதத்துக்குள் அறிவிக்காவிட்டால் தானாகவே நடைமுறைக்கு வரும் என்று ஒரு தொடர் போதும். முன்னேற்பாட்டுக்கு நாள் வேண்டும் என்றால் 101ஆவது திருத்தத்தைப் பாருங்கள். 2016 செப்டம்பர் 8 அன்று ஒப்புதல். ஜிஎஸ்டி மன்றம் பற்றிய பிரிவு 12ஆம் தேதியும் மற்றவை 16ஆம் தேதியும் நடைமுறைக்கு வந்துவிட்டன. அதற்கு முரணான பழைய வரிச் சட்டங்கள் அதிகபட்சம் ஓராண்டு மட்டுமே நீடிக்கலாம் என்று அந்தத் திருத்தமே கெடு வைத்தது. வரிக்குத் தெரிந்த வழி, ஆள் சுதந்திரத்துக்குத் தெரியாமல் போகவேண்டியதில்லை.

வரும் கூட்டத்தொடரிலேயே உங்களில் ஒருவராவது எழுந்து, 44ஆவது திருத்தத்தின் 3ஆவது பிரிவு எந்தத் தேதியில் நடைமுறைக்கு வரும் என்று கேளுங்கள். சட்ட அமைச்சர் அவர்கள் நாள், மாதம், ஆண்டு குறிப்பிட்டுப் பதிலளிக்கும்படி மரியாதையுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தடுப்புக் காவல் வழக்குகளில் பணிபுரியும் வழக்குரைஞர்கள்