பாதியில் நிறுத்தப்பட்ட வசனம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தோத்திரம். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தங்கள் மாத இதழுக்குச் சந்தா செலுத்திவருகிறேன். இதுவரை ஒரு கடிதமும் எழுதியதில்லை. சென்ற இதழில் சபை ஒழுக்கம் பற்றி வெளிவந்த கட்டுரையில், ‘சபையின் ஒழுங்குகளுக்கு உண்மையாய்க் கீழ்ப்படிகிறவர்களே கிருபைக்குத் தகுதி பெறுகிறார்கள்’ என்ற வாக்கியத்தைப் படித்தபின், கிருபை என்றாலே தகுதி பாராமல் தேவன் காட்டும் தயவு என்றிருக்க, எழுதாமலிருக்க என்னால் முடியவில்லை. அதற்கு ஆதாரமாக, பவுல் எபேசு சபைக்கு எழுதிய நிருபத்திலிருந்து எபேசியர் 2:8 காட்டப்பட்டிருந்தது. ‘கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்’ என்பதோடு வசனத்தை நிறுத்தி, உடனே பத்தாம் வசனத்திலிருந்து ‘நற்கிரியைகளைச் செய்கிறதற்கு’ என்பதை ஒட்டியிருக்கிறார் கட்டுரையாளர். இடையில் விடுபட்டது எது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல: ‘இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு; ஒருவரும் பெருமைபாராட்டாதபடிக்கு இது கிரியைகளினால் உண்டானதல்ல.’

நான் 32 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள். ‘கிரியைகளினால்’ என்பதில் உள்ள ஆல் மூன்றாம் வேற்றுமை உருபு. ‘செய்கிறதற்கு’ என்பதில் உள்ள கு நான்காம் வேற்றுமை உருபு. இரட்சிப்பு எதனால் வந்தது என்று சொல்லுமிடத்தில் கிரியைகளை, அதாவது மனிதரின் செயல்களை, மறுத்துவிட்டு, இரட்சிக்கப்பட்டவர்கள் எதற்காகச் சிருஷ்டிக்கப்பட்டார்கள் என்று சொல்லுமிடத்தில்தான் பவுல் நற்கிரியைகளைக் கொண்டுவருகிறார். ஒன்பதாம் வசனத்தை நீக்கிவிட்டால், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த இந்த வேற்றுமை அழிந்து, ‘எதற்காக’ என்பது ‘எதனால்’ என்றாகிவிடுகிறது. ‘அப்படியல்லவென்றால், கிருபையானது கிருபையல்லவே’ என்று ரோமர் 11:6-இல் அதே அப்போஸ்தலர் எழுதியதைத் தங்கள் இதழ்தான் பலமுறை எங்களுக்கு நினைவூட்டியிருக்கிறது.

இந்தப் போதனை வீடுகளுக்குள் வந்தால் என்ன செய்யும் என்பதை நான் 1968-இல், என் பத்தாம் வயதில் பார்த்தேன். எங்கள் ஆச்சி இரு காதுகளிலும் பாம்படம் என்னும் கனத்த பொன் காதணி அணிந்திருந்தார். வேறொரு சபையில் முழுக்கு ஞானஸ்நானம் பெற அவர் விரும்பியபோது, பொன்னைக் கழற்றாமல் தண்ணீரில் இறங்கக் கூடாது என்றார்கள். முந்தின நாள் மாலை எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கழற்றினார்கள். அத்தனை வருடம் சுமந்த பாரம் போனதும் காதுமடல்கள் இரண்டும் கயிறுபோல் தோளருகே ஆடின. அதன்பின் ஜெபிக்கும்போதெல்லாம் ஆச்சியின் கை தானாகவே காதைத் தேடிப் போகும். தொட்டவுடன் முந்தானையை இழுத்து மூடிக்கொள்வார். ‘ஏட்டி, ஆண்டவரு இப்பம் என்னய ஏத்துக்கிடுவாராட்டி?’ என்று என்னிடம் கேட்பார். சாகும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் கொடுத்த பிறகும் அந்த நிச்சயம் அவருக்குக் கிடைக்கவில்லை, ஏனெனில் அது கொடுத்து வாங்கும் பொருளல்ல என்று அவருக்கு யாருமே சொல்லவில்லை.

அன்று காட்டிய வசனம் 1 பேதுரு 3:3. அதில் பொன்னாபரணத்துக்கு முன்னால் ‘மயிரைப் பின்னி’ என்றும் இருக்கிறது. ஆச்சியின் பாம்படத்தைக் கழற்றிய அம்மா, மறுநாள் காலையில் எனக்கு இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டிவிட்டார்கள். நல்ல மனுஷி, அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. வசனத்தில் பாதியை மட்டும் அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தவர்கள்மேல்தான் கோபம்.

பாரம்பரியமான எங்கள் சபையும் இதற்கு விலக்கல்ல. 2003-இல் என் தகப்பனார் இறந்தார். ஞாயிறு பள்ளியில் தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளுக்கு வேதபாடம் சொல்லிக்கொடுத்தவர், கடைசி 4 ஆண்டுகள் படுக்கையில் கிடந்தார்; சபை உறுப்பினர் மாதந்தோறும் கட்டும் சங்கக் காணிக்கை கட்டப்படவில்லை. மாதம் 40 ரூபாய் வீதம் 1,920 ரூபாய் பாக்கி தீர்ந்தால்தான் மணி அடிக்கவும் கல்லறைத் தோட்டம் திறக்கவும் முடியும் என்று கமிட்டியில் சொல்லிவிட்டார்கள். உடல் நடுவீட்டில் இருக்க, என் தம்பி பணம் புரட்டப் போனான். அவன் கொண்டுவந்த ரசீதை நான்தான் வாங்கி அப்பாவின் வேதாகமத்துக்குள் வைத்தேன். இன்றும் அதில் இருக்கிறது. அடக்க ஆராதனையில் கிருபையைக் குறித்து அருமையாகப் பிரசங்கித்தார்கள். வேற்று மதத்தவரை மணந்த என் அண்ணன் மகளுக்கு 11 ஆண்டுகளாக, ஆராதனையில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்து இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

கிரியைகளில்லாத விசுவாசம் செத்தது என்று யாக்கோபு எழுதியிருக்கிறாரே என்பார்கள். உண்மைதான், நானும் விசுவாசிக்கிறேன். கனி இல்லாத மரத்தை யாரும் நல்ல மரம் என்பதில்லை. ஆனால் கனியைக் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டு மரத்துக்கு உயிர் வரவைக்க முடியாது. யூத முறைப்படி விருத்தசேதனம் பண்ணினால்தான் இரட்சிப்பு என்று சிலர் போதித்தபோது, நம்முடைய பிதாக்களாலும் நம்மாலும் சுமக்க முடியாத நுகத்தடியைச் சீஷர் கழுத்தில் ஏன் வைக்கிறீர்கள் என்று எருசலேமில் எழுந்து கேட்டவர் பேதுருதான். அதே பேதுரு அந்தியோகியாவில் பயந்து, யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிடாமல் விலகியபோது, பவுல் முகமுகமாய் எதிர்த்தார். 1517-இல் லூத்தர் தொடங்கிவைத்த விவாதத்தில் பிரிந்து நின்றவர்கள்கூட, 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் கூடி, மனிதன் நீதிமானாக்கப்படுவது கிருபையினாலேயே, தன் தகுதியினால் அல்ல என்று கத்தோலிக்கரும் லுத்தரன்மாருமாகக் கையெழுத்திட்டார்கள். அவர்களுக்குள் ஒருமனப்பட்ட காரியம் தங்கள் பக்கங்களில் மறுக்கப்படுவதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கட்டுரையாளர் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. இந்தக் கடிதத்தைப் பிரசுரிக்க இடமில்லாவிட்டாலும் வருத்தமில்லை. அடுத்த இதழில் எபேசியர் 2-ஆம் அதிகாரத்தின் 8, 9, 10 ஆகிய மூன்று வசனங்களையும் ஒரு சொல் விடாமல், கட்டுரை அச்சான அதே எழுத்தளவில் வெளியிட வேண்டுகிறேன். கால் பக்கம் போதும்.

கிறிஸ்துவுக்குள்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்,
திருநெல்வேலி மாவட்டம்.