நடைபாதைக்கு டைல்ஸ் வேண்டாம், ஒரு டப்பா பெயின்ட் போதும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

காரைக்கால், மயிலாடுதுறை, கும்பகோணம் பக்கம் பிள்ளைகளோ பேரன் பேத்திகளோ பிரான்சில் இருக்கும் குடும்பங்கள் கணிசம். 90 நாள் விசாவில் அங்கே போகும் பெரியவர்கள் ஈபிள் கோபுரத்தையும் லூர்து மாதா கோயிலையும் பார்த்துவிட்டு, மீதி நாளெல்லாம் அடுக்குமாடி வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். கேட்டால், "பாஷை தெரியாது, வெளியே போனால் வழி தெரியாது" என்பார்கள். பாஷையும் வழியும் தெரியாதவர்கள் காட்டோரம், ஆற்றோரம், சிற்றூர்களின் ஊடாக நடந்து திரும்புவதற்கென்றே கோடு போட்டு வைத்திருக்கும் நாடு அது. அந்தக் கோடுகளைப் படிக்கும் விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதே கோட்டை நம் ஆற்றங்கரைகளில் போட்டால் என்ன என்பது பிறகு.

மரத்திலும் பாறையிலும் வேலிக் கம்பத்திலும் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையாகப் பெயின்ட் அடித்திருப்பார்கள். மஞ்சள் ஒற்றைக் கோடு என்றால் அது பி.ஆர். எனப்படும் குறுநடைப் பாதை. ஒரு நாளுக்குள் முடிந்துவிடும். பெரும்பாலும் புறப்பட்ட இடத்துக்கே சுற்றி வந்து சேரும். மேலே வெள்ளை, கீழே சிவப்பு என்றால் ஜி.ஆர்., நாள்கணக்கில் போகும் நெடும்பாதை. மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்றால் ஒரு வட்டாரத்தைச் சுற்றி வரும் பாதை. நம் பெரியவர்கள் தேட வேண்டியது மஞ்சள் ஒற்றைக் கோட்டை. வெறும் கோடு மட்டும் இருந்தால் நேரே போகலாம். கோட்டுக்குக் கீழே வளைந்த அம்புக்குறி இருந்தால் அந்தப் பக்கம் திரும்ப வேண்டும். பெருக்கல் குறி இருந்தால் அது வழியில்லை. பாதை பிரியும் இடத்தில் பேச்சு சுவாரசியத்தில் இந்தப் பெருக்கல் குறியைப் பார்க்காமல் போவதுதான் வழி தவறுவதற்கு முதல் காரணம். ஐந்து நிமிடம் நடந்தும் கோடு கண்ணில் படவில்லையென்றால் முன்னே போய்த் தேடக் கூடாது. கடைசியாகக் கோட்டைப் பார்த்த இடத்துக்கே திரும்பி வந்து, அங்கே நின்று சுற்றிலும் பார்க்க வேண்டும். "இன்னும் கொஞ்சம் போய்ப் பார்ப்போமே" என்று போனால் இரண்டு கிலோமீட்டர் தாண்டி யாரோ ஒருவருடைய மாட்டுக் கொட்டகையில் போய் நிற்போம்.

இந்தக் கோடுகளைப் போடுகிறவர்கள் சம்பள ஆட்கள் அல்லர், நடைச் சங்கங்களின் தன்னார்வலர்கள். மரப்பட்டையில் இருக்கும் பாசியையும் பொருக்கையும் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் பெயின்ட் வைக்கிறார்கள். தேய்க்காமல் அடித்தால் பட்டையோடு உரிந்துபோகும். 1947-இல் லுவார் நதியோரம் ஒர்லேயான் நகருக்கும் போழான்சிக்கும் இடையே முதல் ஜி.ஆர். பாதைக்குக் கோடு போட்டார்கள். இன்று நாடு முழுக்கக் கோடு போட்ட பாதைகள் 1,80,000 கிலோமீட்டருக்கும் மேல்.

நம்மவர்கள் நடந்து பழகவும் அந்த லுவார் கரையே தோது. பாரிசிலிருந்து ஒர்லேயானுக்கு ரயிலில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். அங்கே மாறி, மங்-சூர்-லுவார் என்ற சிற்றூரில் இறங்கி, ஆற்றோடு ஒட்டிப் போழான்சி வரை ஏழெட்டு கிலோமீட்டர் நடந்தால், அங்கே பழைய கல்பாலமும் திரும்பி வர ரயில் நிலையமும் இருக்கின்றன. கோடையில் லுவார் நதி சித்திரை மாதத்துக் கொள்ளிடம் போல மணல் திட்டும் ஓடையுமாகக் கிடக்கும். வெள்ளத்துக்காகக் கட்டிய கரை இரு பக்கமும் நீளும். நம் ஆள் யாரும் அந்நியமாக உணர மாட்டார். ஆனால் மணலைப் பார்த்ததும் காலை நனைக்க இறங்கிவிடக் கூடாது. திட்டின் ஓரம் திடீரென்று சரியும். பக்கத்திலேயே ஆள் ஆழத்தில் குழி இருக்கும். மணல் அள்ளிய நம் கொள்ளிடத்துக் குழிகளைத் தெரிந்தவர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

டெல்டாக்காரர்கள் விசேஷமாக ஏமாறும் இடம் ஒன்று உண்டு. நமக்கு மலை என்றால் சுவாமிமலையின் 60 படிதான். துண்டுப் பிரசுரத்தில் '8 கி.மீ.' என்று பார்த்ததும் சாக்கோட்டை வரை போய் வருவது போல என்று கிளம்பிவிடுவோம். பக்கத்திலேயே 'தெனிவ்லே' என்று ஒரு எண் போட்டிருக்கும். மொத்தம் எத்தனை மீட்டர் ஏற வேண்டும் என்பது அது. சமதரையில் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று கணக்குப் போட்டுத்தான் நேரம் குறிப்பார்கள். ஏற்றத்தில் 300 மீட்டர் உயரம் ஏற ஒரு மணி நேரம் பிடிக்கும். ஆகவே 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் அந்த எண் 100-க்குள் இருக்கும் பாதையாகப் பார்த்து, மணிக்கு 3 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வது நல்லது. ஏற்றமே வேண்டாம் என்பவர்களுக்குக் கால்வாய்க் கரைகள் இருக்கின்றன. படகைக் கயிறு கட்டிக் குதிரையும் மனிதர்களும் இழுத்துப் போவதற்காகப் போட்ட பாதை அது. நீரை ஏற்றி இறக்கும் மதகுகளிடம் மட்டும் சின்ன மேடு வரும். தூலூஸிலிருந்து 240 கிலோமீட்டர் போகும் கனால் து மிதி 1681-இல் திறந்தது. அதன் இரு கரையிலும் நின்ற பிளேன் மரங்களில் 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் கண்டு ஏராளமாக வெட்டிவிட்டார்கள். பழைய படங்களில் பார்த்த நிழல் எல்லா இடத்திலும் கிடைக்காது, தொப்பி அவசியம்.

நடைபாதை சில இடங்களில் தார்ச் சாலையில் ஏறி இறங்கும். அங்கே வண்டிகள் வலப்பக்கமாக ஓடுகின்றன. ஊருக்கு வெளியே நடைமேடை இல்லாத சாலையில் எதிரே வரும் வண்டி தெரியும்படி இடது ஓரமாக நடக்க வேண்டும். கடக்கும்போது நம் கழுத்து பழக்கத்தில் வலப்பக்கம் திரும்பும். வண்டி இடப்பக்கத்திலிருந்து வரும். காட்டில் ஆபத்து எதுவும் இல்லாமல் திரும்பியவர் கடைசி நூறு மீட்டர் தார்ச் சாலையில் அடிபடுவது இதனால்தான்.

மதியம் பன்னிரண்டரை மணிக்குச் சிற்றூர்க் கடைகள் சாத்திவிடும். ஞாயிறு மாலையும் திங்களும் பல கடைகள் திறக்கவே திறக்காது. புளிக்காமலிருக்கப் பால் ஊற்றிப் பிசைந்த தயிர்ச்சோறு ஒரு டப்பா, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், இவை பையில் இருக்கட்டும். ஊர் நடுவே அழகான நீரூற்று ஓடும். 'நோன் பொத்தாப்ல்' என்று எழுதியிருந்தால் குடிக்கக் கூடாது. தண்ணீர் தீர்ந்துபோனால் நடையர்கள் போவது கல்லறைத் தோட்டத்துக்கு. பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்கும். அந்தப் பலகை இல்லையென்றால் பொதுவாக ஊர்க் குடிநீரேதான். சுடுகாட்டுத் தண்ணீரா என்று வீட்டில் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

போக நல்ல மாதங்கள் மே, ஜூன், செப்டம்பர். செப்டம்பரில் தொடங்கிப் பிப்ரவரி வரை வேட்டைக் காலம். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை கண்டால் அந்தக் காட்டுக்குள் போகாமல் திரும்பிவிட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை குறிப்பாக. மாட்டுவேலியில் ஓடும் மெல்லிய கம்பியிலோ வெள்ளை நாடாவிலோ மின்சாரம் விட்டு விட்டு வரும். நம் ஊர்த் திருட்டு மின்வேலி போல உயிரை எடுக்காது, சுண்டிவிடும்; இதயத்தில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் மட்டும் கிட்டப் போகக் கூடாது. வழியில் திறந்த படலைத் திறந்தபடியே விட்டால் மாடு சாலைக்கு வந்துவிடும், சாத்திவிட்டுப் போக வேண்டும். புல்லில் உண்ணி இருக்கும். சேலைக் கொசுவம் புல்லைக் கூட்டிக்கொண்டு போகும் என்பதால் பெண்களுக்குச் சுடிதாரும், அதன் கால்நுனி சாக்ஸுக்குள்ளும்தான் சரி. இரவு முழங்கால் மடிப்பு, இடுப்பு, அக்குள் பார்க்க வேண்டும். ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் சின்னக் கொக்கியால் திருகி எடுக்கலாம். எண்ணெய் விடுவது, நெருப்பால் சுடுவது கூடாது. கடித்த இடத்தைச் சுற்றி அடுத்த வாரங்களில் சிவப்பு வளையம் பரவினால் மருத்துவர்.

இனி நம் ஊர்.

நமக்குப் பாதை இல்லாமல் இல்லை. கல்லணையில் தொடங்கிக் காவிரி, வெண்ணாறு, குடமுருட்டி, அரசலாறு, வெட்டாறு என்று எத்தனை ஆறோ அத்தனைக்கும் இரண்டு கரை. லஸ்கர் எனப்படும் பாசனப் பணியாளர் நடந்து மதகுகளைப் பார்ப்பதற்காகவே கரை மேல் வழி விட்டிருக்கிறார்கள். வழியெங்கும் படித்துறை, மூங்கில் கொத்து, படுகையில் வாழை, அரச மரத்தடிப் பிள்ளையார். பிரான்சில் கிராமப் பாதைகள் உள்ளாட்சியின் சொத்து. 1983-இல் வந்த சட்டத்தின்படி மாவட்ட நிர்வாகம் பாதைகளுக்குப் பட்டியல் வைக்கிறது. பட்டியலில் ஏறிய பாதையை விற்றாலோ மூடினாலோ மாற்றுப் பாதை காட்டியாக வேண்டும். நம்மிடம் பட்டியலும் இல்லை, கோடும் இல்லை. நடைபாதை என்று பேச்செடுத்தாலே சிமென்ட் தளம், டைல்ஸ், எவர்சில்வர் கைப்பிடி என்று எஸ்டிமேட் போடுகிறார்கள். கரை மேல் டைல்ஸ் பதித்தால் அடுத்த முறை தூர் வாரப் பொக்லைன் ஏறும் நாளில் நொறுங்கிப்போகும். மழைநீர் உள்ளே இறங்காமல் ஓரத்தை அரிக்கும்.

நான் கேட்பது 6 கிலோமீட்டருக்கு ஒரு கரை, அதுவும் இரண்டு முனையிலும் டவுன் பஸ் நிற்கும்படி. கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் இடைப்பட்ட காவிரிக் கரை போல ஒன்றை எடுத்து நடந்து பார்க்கலாம். 15 செ.மீ. நீளம், 5 செ.மீ. அகலத்தில் ஒரு பட்டை. 200 மீட்டருக்கு ஒன்று, போக வர இரு திசைக்கும் வைத்தால் 60. மதகு, பாலம், சந்து பிரியும் இடம் இருபது என்று கொண்டு, அங்கெல்லாம் நாலு நாலு போட்டால் 80. இந்த 140 பட்டைக்கும் இரண்டு கோட்டிங் அடிக்க எனாமல் பெயின்ட் ஒரு லிட்டர் டப்பா வாங்கினால் பாதிக்கு மேல் மிஞ்சும். மதகுச் சுவரும் பாலத்துக் கைப்பிடிச் சுவரும் பனை மரமும் தோதான இடங்கள். மின்கம்பத்தில் அடிக்கக் கூடாது.

நிறம்தான் சிக்கல், அதைச் சொல்லிவிடுகிறேன். பிரெஞ்சுக்காரர்களின் சிவப்பு வெள்ளையை இங்கே போட்டால் கோயில் மதில் என்பார்கள். மஞ்சளும் வெள்ளையும் தேசிய நெடுஞ்சாலை மைல்கல். மஞ்சள் மட்டும் பனை மரத்தில் பூசினால் அடுத்த ஆடி வெள்ளிக்குள் யாராவது குங்குமம் வைத்துச் சூடம் கொளுத்திவிடுவார்கள். வெள்ளை மட்டும் என்றால் சாலையோர மரத்துச் சுண்ணாம்பு. இரண்டு நிறம் சேர்த்தால் ஏதாவது ஒரு கட்சிக்கொடி நிச்சயம். வெளிர்நீலம் ஒற்றை நிறமாக இருக்கட்டும்.

மாதமும் பார்க்க வேண்டும். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12 திறந்து ஜனவரி 28 சாத்துகிறார்கள். ஐப்பசி கார்த்திகையில் கரையின் களிமண் எண்ணெய் தடவியது போல வழுக்கும். சரிந்தால் நேரே ஓடும் தண்ணீர்தான். பெப்ரவரி, மார்ச் உகந்தவை. கரை காய்ந்திருக்கும், வயலில் உளுந்தும் பயறும் நிற்கும், வெயிலும் ஏறியிருக்காது. சம்பா அறுவடை முடியும் தறுவாயில் மட்டும் பெல்ட் டைப் அறுவடை இயந்திரங்கள் கரை ஏறிய இடங்களில் பள்ளம் காய்ந்து கணுக்காலைப் பிசக்கும். சீமைக்கருவேல முள் ரப்பர் செருப்பை ஊடுருவும், தடித்த அடியுள்ள ஷூ வேண்டும். காட்டாமணக்குப் புதருக்குள் ஒதுங்கக் கூடாது. விரியன் அங்கேதான் கிடக்கும். கடித்தால் கீறாமல், கட்டுப் போடாமல், ஆளை நடக்க விடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும்.

கோடு ஒருபோதும் வயல் வரப்பில் போகக் கூடாது. நண்டு வளை தோண்டிய வரப்பு நாலு பேர் நடந்தால் உட்காரும். தண்ணீர் அடுத்தவர் வயலுக்கு வடிந்தால் அதற்கு நடையர் பொறுப்பேற்க முடியாது. தவிர வரப்பில் எலிக்கிட்டி வைத்திருப்பார்கள். மூங்கில் வில்லும் நாணுமாகப் புல்லோடு புல்லாகக் கிடக்கும், மாலையில் வைத்து விடிந்ததும் எடுத்துப் போவார்கள். மிதித்தால் கால் விரலுக்கும் நல்லதல்ல, கிட்டிக்காரர் பிழைப்புக்கும் நல்லதல்ல.

கரையில் காலைக் கடன் கழிப்பதை நிறுத்தாமல் யாரையும் அங்கே நடக்கக் கூப்பிட முடியாது என்பதையும் மறைக்காமல் சொல்லியாக வேண்டும். பெயின்ட்டுக்கு முந்தைய வேலை அது.

கரை நீர்வளத்துறையுடையது என்பதால் அவர்கள் எழுத்து மூலம் அனுமதி தர வேண்டும். கேட்பது ஊராட்சியாக இருந்தால் எளிது. ஜனவரி 26 கிராம சபையில் வைக்கும் தீர்மானத்தில் எந்தப் படித்துறையிலிருந்து எந்தப் படித்துறை வரை, வடகரையா தென்கரையா, ஆண்டுதோறும் மழைக்குப் பின் தை மாதத்தில் கோட்டைப் புதுப்பிக்கப் போகிறவர்கள் யார் என்பதைப் பெயரோடு எழுதிவிட்டால் போதும். 

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
கும்பகோணம்.